நமக்குச் சொந்தமில்லாத வீட்டுக்காக அழலாமா?

கேள்வி:

என் கணவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து, கடந்த மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார். ஒன்றரை வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் இந்தக் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து 29 ஆண்டுகள் ஆகின்றன. மகள் பிறந்து இந்த வீட்டுக்குத்தான் வந்தாள். மாமனார் இதன் முன் அறையில்தான் கண்ணை மூடினார். செப்டம்பர் இறுதிக்குள் வீட்டைச் சரண்டர் செய்ய வேண்டும். கோவை சரவணம்பட்டியில், மகன் வேலை பார்க்கும் இடத்துக்கு அருகில், மூன்றாம் மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். ஆவணியில் கிரகப்பிரவேசம்.

சொந்த வீடு வேண்டும் என்று இருபது வருடமாக நச்சரித்தவள் நான்தான். இப்போது பத்திரிகை அச்சாகி வந்த பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் கொய்யா மரத்தடியில் நின்று அழுகிறேன். அடுத்த நாளே புதுச் சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று மகனோடு போனில் உற்சாகமாகப் பேசுகிறேன். போனை வைத்ததும், இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று உறுத்துகிறது. சமையலறைக் கதவு நிலையில் இரண்டு பிள்ளைகளின் உயரத்தையும் வருடாவருடம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாங்கள் போனதும் அதன் மேல் பெயின்ட் அடித்துவிடுவார்கள். "அரசாங்க வீட்டுக்குப் போய் யாராவது அழுவார்களா அம்மா?" என்கிறான் மகன். கணவர் எதுவும் பேசுவதில்லை. காலையில் பணிமனைச் சங்கு ஊதும்போது எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். மாமியாருக்கு 83 வயது. இரண்டு ஆண்டுகளாக மறதி நோய். அவரை எப்படிக் கொண்டுபோய்ப் புது இடத்தில் வைப்பது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று? இது மனநோயா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வந்திருப்பது நோய் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் கடைசி வரிக்கு வரும்போது உங்கள் கையெழுத்து மாறியிருந்தது. எந்த நிலையில் இது மருத்துவரிடம் காட்ட வேண்டியதாக ஆகும் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன், உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு வர வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். அம்மா அழுவதைப் பார்க்கப் பொறுக்காத பிள்ளைகள் எதையாவது சொல்லி அழுகையை நிறுத்தத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி உங்கள் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. பட்டா நம் பெயரில் இல்லாத வீட்டுக்காக அழுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நீங்களே உங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உரிமை இருக்கிறது. 29 ஆண்டுகள் என்றால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விடியல்கள். அத்தனை விடியலிலும் அந்த வாசலைத் தெளித்துக் கோலம் போட்டவர் நீங்கள். மின்சாரம் போன இரவில் தீப்பெட்டி எந்த மாடத்தில் இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியும், மழைக்காலத்தில் எந்த மூலை முதலில் ஒழுகும் என்பது உங்கள் பாத்திரங்களுக்கே தெரியும். ஓர் இடம் மனத்துக்குச் சொந்தமாவது இப்படித்தான். அதற்குப் பத்திரப் பதிவு அலுவலகம் தேவைப்படுவதில்லை.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. அங்கே குடியேறும் நாளிலேயே வெளியேறும் நாளும் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் கணவரின் பிறந்த தேதி பணிப்பதிவேட்டில் இருக்கிறது. அதனால் குடியிருப்பில் வாழ்கிறவர்கள் தொடக்கத்திலிருந்தே மனத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தே வைத்திருப்பார்கள். ஒரு அலமாரி அடிக்க நினைத்தால்கூட, "என்ன இருந்தாலும் கவர்ன்மென்ட் வீடு, இதில் எதற்குக் காசைப் போடுவது?" என்று நிறுத்திக்கொள்வார்கள். காசைப் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வாழ்க்கையைப் போடாமல் இருப்பது யார் கையிலும் இல்லை. பற்று வைக்கக் கூடாது என்று இத்தனை காலம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் பற்று வேர்விட்டிருப்பது, கிளம்பும் நேரத்தில்தான் தெரிகிறது. தெரிந்ததும் துக்கத்தோடு ஒரு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. உங்களை வதைப்பதில் பாதி அந்த வெட்கம்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்று ஒரு பகுதி இருந்தது. நெருக்கமான பழைய கட்டடங்கள், பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்த தொழிலாளர் குடும்பங்கள். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1950-களின் இறுதியில் அந்தப் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்து போனவர்களைச் சந்தித்துப் பேசிய உளவியலாளர் மார்க் ஃப்ரீட், 1963-ல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களில் பலர் படும் வேதனையை இறந்தவருக்காக ஒரு குடும்பம் படும் துக்கத்தோடு ஒப்பிட்டு, இதையும் துக்கம் என்றே அழைக்க வேண்டும் என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தத் தெருவை நினைத்துக் கலங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்த மக்கள் இழந்த வீடுகளில் பெரும்பாலானவை அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவர்கள் இழந்தது சுவரை மட்டுமல்ல. மாடிப்படியில் எதிர்ப்படும் முகங்களை, கடன் கொடுக்கும் மூலைக்கடையை, தெருவில் நடந்தாலே யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடும் அந்த அறிமுகத்தை. உங்கள் குடியிருப்பிலும் அதேதான் நடக்கிறது. ஒரே சங்குக்கு எழுந்து, ஒரே நாளில் சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரே சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிய குடும்பங்களுக்கு நடுவிலிருந்து நீங்கள் கிளம்புகிறீர்கள்.

பொன்மலையே ஓர் இடமாற்றத்தில் பிறந்த ஊர்தான். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை அதற்கு முன் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் பிற்பாதியில் அது பொன்மலைக்கு வந்தபோது, கடல் காற்றில் வளர்ந்த குடும்பங்கள் இந்தச் செம்மண் மேட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் தாங்கிக்கொள்ளவில்லையா, நீங்களும் தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கோலம் போட்ட அந்த வாசலில் உங்களுக்கு முன்னால் வேறொரு பெண் கோலம் போட்டிருப்பார். கிளம்பும்போது அவரும் கொல்லைப் பக்கம் போய் நின்றிருப்பார். குடியிருப்பு வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கண்ணீர் உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, அந்த உறுத்தல். ஒரு நாள் அழுகை, மறுநாள் உற்சாகம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. மகிழ்ச்சியும் துயரமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும் என்றுதான் உளவியலாளர்களில் பலரும் நெடுங்காலம் கருதினார்கள். ஜெஃப் லார்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த தருணங்களில் ஒன்று, மாணவர்கள் கல்லூரி விடுதியைக் காலி செய்யும் நாள். சாதாரண நாட்களில் இருந்ததைவிட அன்று அதிகமான மாணவர்கள், மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே நேரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். சில மாதங்கள் தங்கிய விடுதி அறைக்கே அப்படி என்றால், இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஒரு பெரியவரை வழியனுப்பிய வீட்டுக்கு எப்படி இருக்கும்? உங்கள் மகளைத் திருமணம் செய்து அனுப்பும்போது அழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாணம் பிடிக்காமல்தான் அழுகிறீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே எது உண்மையான உணர்வு என்று கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிடுங்கள். சமையலறைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது முழு மனத்தோடு தேர்ந்தெடுங்கள். கொய்யா மரத்தடியில் அழுகை வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக உள்ளே ஓடாதீர்கள்.

ஆனால் இரண்டுக்கும் தனித்தனி நாள் கொடுக்க வேண்டும். நல்வாய்ப்பாக உங்கள் நாட்காட்டி இதற்கு இடம் தருகிறது. கிரகப்பிரவேசம் ஆவணியில், சரண்டர் செப்டம்பர் இறுதியில். பாலைக் காய்ச்சிய கையோடு லாரியை வரவழைத்து, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்களுக்கு விடுப்பு கிடைக்கும் வசதி அப்படி இருக்கலாம். முடிந்தவரை அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் என்று புது வீட்டுக்கு முதலில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றை எடுத்துச் சென்று, நல்லபடியாகக் கொண்டாடிவிட்டுப் பொன்மலைக்குத் திரும்புங்கள். பிறகு இரண்டு மூன்று வாரம், பழைய வீட்டிலிருந்து விடைபெறுவதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, அப்பாவுக்கு வந்த திடீர் மாற்றல் உத்தரவால் மயிலாடுதுறையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை இரண்டே நாளில் காலி செய்தோம். எதிர் வீட்டுப் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. அவர் அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த முற்றம் என் கனவில் வருகிறது, கனவில் நான் எப்போதும் அந்தப் பாட்டியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். விடைபெறாமல் வந்த இடங்கள் நம்மை எளிதில் விடுவதில்லை என்பதை இத்தொழிலில் பலரிடம் கேட்டிருக்கிறேன். முதலில் தெரிந்துகொண்டது என்னிடமிருந்துதான்.

அந்தக் கதவு நிலைக்கு வருகிறேன். பெயின்ட் அடிப்பதைத் தடுக்க முடியாது, கோடுகளைக் கொண்டுபோக முடியும். உங்கள் மாமனாரின் பழைய வெள்ளை வேட்டி ஏதாவது இருந்தால் அதை நீளவாக்கில் மடித்து நிலையோடு சேர்த்து இழுத்துப் பிடியுங்கள். அடி விளிம்பு தரையைத் தொட வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் அழியாத மையால் துணியில் வரைந்து, பக்கத்தில் இருக்கும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். மகனைச் செய்யச் சொல்லுங்கள். தன் இடுப்புக்குக் கீழே இருக்கும் கோட்டுக்காக அவர் குனிந்து உட்கார்ந்து, தன் மூன்றாம் வயதுத் தேதியைப் படிக்கும்போது, அரசாங்க வீட்டுக்கு யாராவது அழுவார்களா என்ற கேள்விக்கு நீங்கள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியிருக்காது. மகளையும் ஓர் இரவு வந்து தங்கிப் போகச் சொல்லுங்கள், சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே. கட்டிய மூட்டைகளுக்கு நடுவில் தங்குவது வேறு.

மாமனாரின் படத்தைக் கடைசி நேரத்தில் பெட்ஷீட்டில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். அவர் உயிர் பிரிந்த அறையை விட்டுப் போகிறோமே என்ற கலக்கம் உங்களைவிட உங்கள் கணவருக்கு அதிகமாக இருக்கும், அவர் சொல்லாவிட்டாலும். படம் அவருடைய மடியில், அவரோடு வண்டியில் வரட்டும். அக்கம்பக்கத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். பால் ஊற்றுகிறவர், பூக்காரம்மா, சந்தையில் உங்களுக்கென்று எடுத்துவைக்கும் கீரைக்காரர், யாரையும் விடாதீர்கள். இத்தனை வருடத்தில் சுவருக்கு மேலாகக் குழம்பும் பலகாரமும் கை மாறிய வீடுகளின் கிண்ணங்கள் சில உங்கள் அலமாரியில் இருக்கும், உங்களுடையவை அங்கே இருக்கும். அவற்றை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கூடவே, மிக நெருங்கியவரின் கிண்ணம் ஒன்றை, கேட்டு வாங்கி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

லாரி போன பிறகு, காலியான வீட்டுக்குள் நீங்களும் கணவரும் மட்டும் ஒரு முறை நின்று பாருங்கள். பலர் இதைத் தவிர்ப்பார்கள், தாங்க முடியாது என்பார்கள். ஆனால் கட்டிலும் அலமாரியும் இருந்த வீட்டையே கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனால், மனம் அந்த வீடு அப்படியே அங்கே காத்திருக்கிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருக்கும். வெறும் சுவரையும் படம் மாட்டிய இடத்தில் வெளுக்காமல் இருக்கும் சதுரத்தையும் கண் ஒரு தடவை பார்க்க வேண்டும். சாவியை ஒப்படைக்கப் போகும்போது நீங்களும் உடன் போங்கள்.

உங்கள் கணவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கையின் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. பணி ஓய்வுக்கு 45. வீடு மாறுவதற்கு வெறும் 20. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அவர் விஷயத்தில் இரண்டும் நான்கு மாத இடைவெளியில் வருகின்றன. நீங்கள் வீட்டை மட்டும் விடுகிறீர்கள். அவர் வீட்டையும், வீட்டுக்கு அவரைத் தகுதியாக்கிய வேலையையும் விடுகிறார். சங்கு ஊதியதும் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவது, 36 வருடம் உடம்பு கற்ற பாடம். கோவையில் அந்தச் சங்கு கேட்காது. அந்த அமைதிதான் அவருக்கு முதலில் கடினமாக இருக்கும்.

"ஏன் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தத் தலைமுறையில் வேலை பார்த்தே பழகிய ஆண்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து மனத்தைத் திறக்கச் சொல்வது விசாரணை போலத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து கைவேலை செய்யும்போது பேச்சு தானாக வரும். அவருடைய கருவிப் பெட்டியைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கட்டும் வேலையை இருவருமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு கதை இருக்கும், கேளுங்கள். கோவையில் காலை நேரத்துக்கு அவருக்கென்று ஒரு பொறுப்பு வேண்டும். உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருவதாக இருந்தாலும் அது தினமும், அதே நேரத்தில், அவர் போகாவிட்டால் அன்று சமையல் நின்றுவிடும் என்கிற அளவுக்கு உண்மையான வேலையாக இருக்க வேண்டும். இந்த வருட ஆயுத பூஜை புது ஊரில் வரும். பணிமனைக் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று அவரைத் தனியாக விடாதீர்கள், அந்தக் கருவிப் பெட்டிக்கே சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்கள் சிலவற்றைச் செய்து கொடுத்தது பொன்மலைப் பணிமனை. அந்த ரயில் புறப்படும் மேட்டுப்பாளையம், உங்கள் புது வீட்டிலிருந்து காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவுதான். குடியேறிய முதல் மாதத்திலேயே மகனை அவரை அங்கே அழைத்துப்போகச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கி ஏறக்கூட வேண்டாம். நடைமேடையில் நின்று அந்த எஞ்சின் நீராவி விட்டுக் கிளம்புவதைப் பார்க்கட்டும், எந்தப் பாகம் எங்கே தயாரானது என்று மகனுக்குச் சொல்லட்டும்.

மாமியாரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நாம் இருக்கும் இடத்தை மூளை தனக்குள் வரைபடமாக எழுதி வைத்துக்கொள்கிறது. இடத்தை அறியும் அந்த நரம்பணுக்களை 1971-ல் கண்டறிந்த ஜான் ஓ'கீஃபுக்கு 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவை இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான், அல்சைமர் போன்ற மறதி நோயில் முன்னதாகவே பாதிக்கப்படும் பகுதிகளில் ஒன்று. அது பழுதுபட்டால் புது இடத்தை எழுதிக்கொள்வது கடினம். அதனால்தான் எத்தனையோ மறந்துபோன பிறகும் அவரால் பழைய வீட்டில் இருட்டில் கழிப்பறைக்குப் போய் வர முடிகிறது, புது வீட்டில் பட்டப்பகலில் வழி தெரியாமல் நிற்கக்கூடும். இதை அவருடைய பிடிவாதம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கிரகப்பிரவேசத்தன்று ஹோமப் புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அவரை நெடுநேரம் உட்கார வைக்காதீர்கள். ஆசி வாங்கிக்கொண்டு, அமைதியான ஓர் அறைக்கோ உறவினர் வீட்டுக்கோ அழைத்துச் சென்றுவிடுங்கள். குடியேறும்போது அவருடைய அறையை முதலில் தயார் செய்துவிட்டு, அவரைக் கடைசியில், காலை வெளிச்சத்தில் அழைத்து வாருங்கள். பழைய கட்டில், துவைத்துத் துவைத்து மெலிந்த அதே போர்வை, வெற்றிலைப் பெட்டி இருந்தால் அதுவும், எதையும் புதிதாக மாற்ற வேண்டாம். பொன்மலையில் எழுந்தால் கழிப்பறை எந்தக் கைப்பக்கம் இருந்ததோ, கட்டிலைத் திருப்பிப் போட்டு இங்கேயும் முடிந்தவரை அதே கைப்பக்கம் வரும்படி செய்யுங்கள். கழிப்பறை வரைக்கும் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தரையில் வழுக்கும் விரிப்பு வேண்டாம். வாயிற்காவலரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அவர் நிலையைச் சொல்லி வையுங்கள், உங்கள் தொலைபேசி எண்ணை அவர் சேலையிலோ கழுத்திலோ இருக்கும்படி செய்யுங்கள்.

மாலை மயங்கும் நேரத்தில் அவர், "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பக்கூடும். "இதுதான் நம்ம வீடு" என்று திருத்தாதீர்கள். திருத்தினால் பயம்தான் கூடும். "அங்கே யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் கேட்பது பொன்மலையாக இருக்காது, தன் அம்மாவும் அண்ணனும் இருந்த, அவர் பத்து வயதில் விளையாடிய வீடாக இருக்கும். கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசிவிட்டு, காபி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் ஓரிரு நாளுக்குள் குழப்பம் திடீரென்று பல மடங்கு ஆனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, இடம் மாறியதால்தான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முதியவர்களுக்கு நோய்த்தொற்று பல நேரங்களில் இப்படித்தான் தலைகாட்டும். திருச்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் மருந்துச் சீட்டும் சுருக்கமான ஒரு குறிப்பும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

இனி உங்களுக்கு. குடியேறிய முதல் சில மாதங்கள் அழுகை வரும், போகும். பண்டிகை நாட்களில் கூடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து, பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனாலோ, வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், அப்போது மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவருக்கும் இதே அளவுகோல்தான். அவர் அழ மாட்டார் என்பதால், எரிச்சலையும் தூக்கமின்மையையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

பொன்மலைக்கு எப்போது திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்ற கேள்வி விரைவில் வரும். தை மாதம் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தேதி தெரிந்தால் மனம் அதுவரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு முன் வேண்டாம். போகும்போது அண்டை வீட்டாரைப் பார்க்கப் போங்கள், வீட்டைப் பார்க்க அல்ல. உங்கள் கொடியில் வேறொருவரின் துணி காய்ந்துகொண்டிருக்கும். வாசலில் வேறொரு கை போட்ட கோலம் இருக்கும். அதைப் பார்த்து வலித்தால், வலிக்கட்டும்.

கடைசியாக அந்தக் கொய்யா மரம். மரத்தைக் கொண்டுபோக முடியாது, கிளையைக் கொண்டுபோக முடியும். பென்சில் கனமுள்ள, நேரான ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாகச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஈரமான தென்னை நார்க்கழிவால் மூடி, பாலித்தீன் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். கணவருடைய கை இதற்கு மிகவும் பொருத்தம். ஒன்றுக்கு மூன்று கிளையாகக் கட்டுங்கள், எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காவிட்டால் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தாளின் வழியாக வெள்ளை வேர் தெரிந்த பிறகு, அதற்குக் கீழே வெட்டி எடுத்துத் தொட்டியில் வைக்கலாம். பால்கனியில் வெயில் படும் பக்கமாகப் பெரிய தொட்டியில் வைத்தால் கொய்யா வளரும், காய்க்கவும் செய்யும். வேர்விட ஐந்தாறு வாரம் ஆகும், உங்களிடம் எட்டு வாரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்ததும் கட்டிவிடுங்கள்.